உள்ளங்கையில் ஒரு நீராவி எஞ்சின்

திருவிழாக் கடைகளில் விற்கும் பொம்மை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும். புகைபோக்கி ஒன்று, சக்கரங்கள் நான்கு, பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு. ‘இது எந்த எஞ்சின்?’ என்று கேட்டால் விடை கிடையாது. ஏதோ ஓர் எஞ்சின், அவ்வளவுதான்.

மாதிரி எஞ்சின் அப்படிப்பட்டதல்ல. உண்மையாகவே தண்டவாளத்தில் ஓடிய ஓர் எஞ்சினை அளவு பிசகாமல் சுருக்கிச் செய்வதே மாதிரி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிறுவர் முதல் பெரியவர் வரை பலருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. கொதிகலன், சட்டம், சக்கரம் ஆகியவற்றைப் பெட்டியில் போட்டு ‘கிட்’ என்ற பெயரில் விற்கிறார்கள். வாங்குபவர்தான் அவற்றைக் கோத்து எஞ்சினாக்க வேண்டும். இவை தவிர மணி, விளக்கு, ஊதல், காற்றுப் பம்பு போன்ற நுண்ணுறுப்புகள் தனியாகச் சிறு பைகளில் கிடைக்கின்றன. மணி ஒரு மிளகு அளவுதான் இருக்கும்!

மிளகு அளவு மணியைப் பொருத்துவதற்கு ஏன் இத்தனை பாடு? அதை எங்கே பொருத்துவது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

87-இல் ஒரு பங்கு

மாதிரி ரயில்களில் பல அளவுகள் உண்டு. அவற்றுள் உலகில் மிகப் பரவலானது எச்.ஓ. என்னும் அளவு. இதில் உண்மை எஞ்சினின் ஓர் அடி நீளம் மாதிரியில் 3.5 மில்லிமீட்டர் ஆகிறது. அதாவது 87-இல் ஒரு பங்கு. உண்மையான தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மி.மீ.; மாதிரியில் அது 16.5 மி.மீ.

எடையும் 87-இல் ஒரு பங்காகக் குறையுமா? இல்லை. நீளம் குறையும்போது அகலமும் உயரமும் அதே விகிதத்தில் குறைகின்றன. ஆகவே எடை 87 × 87 × 87, அதாவது ஏறத்தாழ 6,58,500 மடங்கு குறைய வேண்டும். 132 டன் எடையுள்ள எஞ்சினின் மாதிரி 200 கிராம்தான் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரின் எடை!

625 உடன்பிறப்புகள்

132 டன் என்று சொன்னது கற்பனை எடை அன்று. முதல் உலகப் போரின்போது, 1917 டிசம்பரில், அமெரிக்க அரசு அந்நாட்டு ரயில்வேக்களைத் தன் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. ஒவ்வொரு ரயில்வேயும் தன் விருப்பம்போல் எஞ்சின் வடிவமைப்பதை நிறுத்தி, 12 பொது வடிவங்களை வகுத்தது. அவற்றுள் ஒன்று ‘இலகு மிகாடோ’. முன்னே 2 சிறு சக்கரங்கள், நடுவே 8 இயக்கு சக்கரங்கள், பின்னே 2 சிறு சக்கரங்கள் கொண்டது. இதன் முதல் எஞ்சின் 1918 ஜூலையில் பால்டிமோர் அண்டு ஒஹாயோ ரயில்வேக்காகக் கட்டப்பட்டது, எண் 4500. இன்றும் பால்டிமோர் நகர ரயில் அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம். இந்த வடிவத்தில் மொத்தம் 625 எஞ்சின்கள் கட்டப்பட்டுப் பல ரயில்வேக்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன.

பிறந்தபோது 625-உம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தன. 1920-இல் ரயில்வேக்கள் பழைய நிர்வாகங்களிடம் திரும்பின. அதன் பிறகு ஒவ்வொரு பட்டறையும் தன் தேவைக்கேற்ப எஞ்சினை மாற்றியது. ஒன்று முன்விளக்கை நடுவில் வைத்தது. இன்னொன்று மேலே ஏற்றியது. ஒன்று மணியை இடம் மாற்றியது. மற்றொன்று நீர்ச்சூடேற்றி பொருத்தியது. முப்பது ஆண்டுகளில் உடன்பிறப்புகளின் முகங்கள் வேறு வேறாகிவிட்டன.

நுண்ணுறுப்புகளின் தேவை இங்கேதான் எழுகிறது. கிட் தருவது 625-க்கும் பொதுவான உடல். குறிப்பிட்ட ரயில்வேயின், குறிப்பிட்ட எண்ணுள்ள, குறிப்பிட்ட ஆண்டில் இருந்த எஞ்சினாக அதை ஆக்குபவை இந்தச் சிறு பித்தளைத் துண்டுகளே.

அலங்காரம் அல்ல, வேலை

நுண்ணுறுப்பு எதுவும் அழகுக்காக எஞ்சினில் இருந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. வேலை தெரிந்தால் இடமும் தெரிந்துவிடும்.

கொதிகலனின் முதுகில் இரண்டு குவிமாடங்களைக் காண்பீர்கள். ஒன்றில் நீராவி சேரும். கொதிக்கும் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு நீர்த்துளி கலவாத நீராவி கிடைக்கும். அதனால்தான் அது உச்சியில் இருக்கிறது. மற்றொன்றில் இருப்பது மணல்! சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் மணலைத் தூவினால் உராய்வு கூடும். ஈர மணல் குழாயில் அடைத்துக்கொள்ளும். கொதிகலனின் மேல் வைத்தால் அந்தச் சூட்டிலேயே மணல் உலர்ந்திருக்கும். இரண்டில் எது மணல் மாடம் என்று கண்டுபிடிப்பது எளிது. எதிலிருந்து மெல்லிய குழாய்கள் சக்கரங்களை நோக்கி இறங்குகின்றனவோ அதுவே மணல் மாடம்.

அடுத்தது காற்றுப் பம்பு. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் 1869-இல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க எஞ்சின்களில் நீராவியால் இயங்கும் பம்பு ஒன்று காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும். அழுத்தும்போது காற்று சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். சூடான காற்றில் ஈரம் ஆவியாகத் தங்கியிருக்கும். பிரேக் குழாய்க்குள் போய் அது குளிர்ந்தால் நீராகும். பனிக்காலத்தில் உறைந்து குழாயை அடைக்கும். ஆகவே தொட்டிக்குப் போகும் முன் காற்றை நீண்ட குழாயில் வளைத்து வளைத்து ஓடவிட்டுக் குளிரவைப்பார்கள். எஞ்சினின் நடைபலகைக்குக் கீழே பாம்புபோல் நெளியும் குழாய் இதுதான்.

பம்பு பெரும்பாலும் எஞ்சினின் இடப் பக்கம் இருக்கும். செசபீக் அண்டு ஒஹாயோ ரயில்வே பல எஞ்சின்களில் அதைப் புகைப்பெட்டியின் முகத்திலேயே மாட்டியது. ஆகவே புகைப்படத்தைப் பாராமல் வழக்கத்தை மட்டும் நம்பக் கூடாது.

சில எஞ்சின்களின் நெற்றியில் புருவம்போல் ஓர் உருளை குறுக்கே கிடக்கும். அது நீர்ச்சூடேற்றி. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி வீணாகப் புகைபோக்கி வழியே போகிறது அல்லவா? அதில் ஒரு பகுதியைக் கொண்டு, கொதிகலனுக்குப் போகும் நீரை முன்கூட்டியே சூடாக்கினால் என்ன? 20 டிகிரி செல்சியஸ் நீரை 95 டிகிரிக்கு ஏற்ற, கிலோவுக்குச் சுமார் 315 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த 20 டிகிரி நீரை முழுவதும் உயரழுத்த நீராவியாக்க ஏறத்தாழ 2,700 கிலோஜூல் வேண்டும். ஆக, ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வெப்பம் இலவசமாகக் கிடைக்கிறது! நாள்தோறும் டன் கணக்கில் நிலக்கரி எரிக்கும் எஞ்சினுக்கு இது சிறிய லாபமா?

இன்னோர் உறுப்பு வியப்பானது. அதன் பெயர் இன்ஜெக்டர். பிரான்சின் ஆன்ரி ஜிஃபார் 1858-இல் கண்டது. கொதிகலனின் நீராவியைக் கொண்டே, அதே கொதிகலனுக்குள் நீரைத் தள்ளுவது இதன் வேலை. உள்ளிருந்து வரும் அழுத்தம், உள்ளிருக்கும் அதே அழுத்தத்தை எப்படி வெல்லும்? நீராவி கூம்பு வாய் வழியே மிக வேகமாகப் பாய்கிறது. குளிர்ந்த நீரில் பட்டதும் அது நீராகிச் சுருங்கித் தன் வேகத்தை அந்நீருக்குத் தருகிறது. வேகமாகப் பாயும் இந்நீர் அகன்று செல்லும் குழாயில் மெதுவாகும்போது வேகம் அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம் கொதிகலனின் அழுத்தத்தை மிஞ்சுவதால் வால்வைத் திறந்து உள்ளே புகுகிறது. சுழலும் சக்கரமோ பிஸ்டனோ இல்லாத பம்பு!

மெழுகு கரைந்தால் பித்தளை

மிளகு அளவு மணியையும், விரல் நுனி அளவு பம்பையும் எப்படிச் செய்கிறார்கள்? சுவாமிமலையில் ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்ப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அடிப்படையில் அதே முறைதான் இங்கும்.

ஒரு வேறுபாடு உண்டு. ஸ்தபதி ஒவ்வொரு சிலைக்கும் புதிதாக மெழுகு உருவம் செய்கிறார். நுண்ணுறுப்புக்கு முதலில் ஒரு மூல உருவம் செய்து, அதிலிருந்து ரப்பர் அச்சு எடுக்கிறார்கள். ரப்பர் அச்சில் எத்தனை மெழுகு உருவங்கள் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவற்றை ஒரு மெழுகுத் தண்டில் கிளைகள்போல் ஒட்டி, மாவுபோன்ற சுண்ணக் கலவையில் அமிழ்த்தி இறுகவிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிப் பித்தளையை வார்க்கிறார்கள். கெம்ட்ரான், கால்-ஸ்கேல் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இம்முறையில் பேர் பெற்றவை. மெழுகும் பித்தளையும் ஆறும்போது சுருங்கும் என்பதால் மூல உருவைச் சற்றே பெரிதாகச் செய்ய வேண்டும்.

ஏணி, பெயர்ப் பலகை போன்ற தட்டையான உறுப்புகளுக்கு வேறு வழி. ஒளிபட்டால் இறுகும் பூச்சைப் பித்தளைத் தகட்டில் தடவி, படத்தை அதன்மேல் பதித்து, வேண்டாத பகுதியை அமிலத் தன்மையுள்ள கரைசலால் அரித்துவிடுகிறார்கள். வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையும் ஏறத்தாழ இப்படியே உருவாகிறது. இப்போது கணினியில் வரைந்து, ஒளியில் இறுகும் பிசினால் அடுக்கடுக்காக அச்சிடும் முறையும் வந்துவிட்டது.

பொருத்தும் கலை

இனிப் பொருத்த வேண்டும். பித்தளையைப் பித்தளையோடு ஈயப் பற்று வைக்கலாம். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று சுமார் 190 டிகிரியில் உருகும். பித்தளை உருக 900 டிகிரி அளவு வேண்டும். ஆகவே பித்தளைக்கு ஆபத்தில்லை. ஆனால் முதலில் வைத்த உறுப்பு, அடுத்ததைப் பற்றவைக்கும் சூட்டில் கழன்று விழலாம். அதற்கும் உபாயம் உண்டு. முன்பு வைத்த உறுப்பின்மேல் ஈரத் துணியைச் சுற்றிவிடுவார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது.

பல கிட்களில் கொதிகலன் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டது. அதில் பற்று சரியாகப் பிடிக்காது. அரை மில்லிமீட்டர் துளையிட்டு, உறுப்பின் காம்பைச் செருகி, பசை வைக்க வேண்டும்.

பற்றவைப்பதைப் பெரியவர் ஒருவரின் துணையோடுதான் செய்ய வேண்டும். காரீயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

அளவை மீற வேண்டிய இடம்

எல்லாவற்றையும் 87-இல் ஒரு பங்காக்கினால் மாதிரி சரியாகிவிடுமா? ஆகாது. உண்மைச் சக்கரத்தின் விளிம்பு சுமார் 25 மி.மீ. உயரம். மாதிரியில் அது 0.3 மி.மீ. ஆக வேண்டும். வீட்டு மேசையில் போட்ட தண்டவாளத்தில் அவ்வளவு சிறிய விளிம்பு எளிதில் தடம் புரண்டுவிடும். எனவே பொதுவாக 0.64 மி.மீ. வைக்கிறார்கள். 200 கிராம் எடையும் போதாது. மாதிரிப் பெட்டிகளின் அச்சுகளில் உராய்வு விகிதப்படி மிக அதிகம், வளைவுகளும் கூர்மையானவை. ஆகவே கொதிகலனுக்குள் காரீயக் கட்டிகளை வைத்து எடை கூட்டுகிறார்கள்.

இந்த ‘நீராவி’ எஞ்சினை ஓட்டுவது மின்மோட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. அழகாகப் பொருத்திய பித்தளைக் குழாய் ஒன்று சக்கரத்தைத் தொட்டுவிட்டால் மின்சாரம் குறுக்கு வழியில் பாயும்; எஞ்சின் நின்றுவிடும். அப்போது அந்தக் குழாயைச் சற்று விலக்கித்தான் ஆக வேண்டும். எங்கே அளவைக் காப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்று தெரிந்து முடிவெடுப்பதும் அறிவியலே.

குழாயைப் பின்தொடருங்கள்

நல்ல மாதிரி செய்பவர்கள் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: எந்தக் குழாயும் வெறுமனே தொடங்கி வெறுமனே முடியாது. புகைப்படத்தில் ஒரு குழாயைப் பார்த்தால் அது எங்கிருந்து எதை எடுத்து எங்கே கொண்டுபோகிறது என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அதைப் பொருத்தாதீர்கள்.

இதைப் பழக மாதிரி எஞ்சின் வேண்டியதில்லை. சென்னையிலும் திருச்சியிலும் உள்ள ரயில் அருங்காட்சியகங்களில் பழைய நீராவி எஞ்சின்கள் நிற்கின்றன. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தோற்றத்தை வரைந்து, ஒவ்வொரு குழாயின் இரு முனைகளையும் குறியுங்கள். காற்றுப் பம்பைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. ஏன் தெரியுமா? நம் நாட்டு நீராவி ரயில்களில் இருந்தது வெற்றிட பிரேக். காற்றை அழுத்திச் சேர்ப்பதற்குப் பதிலாக, நீராவித் தாரையால் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றினார்கள். அந்த எஞ்சினின் மாதிரியில் ஒருவர் அழகான காற்றுப் பம்பை ஒட்டினால், அது எவ்வளவு நேர்த்தியான வார்ப்பானாலும் பிழைதான்.

மிளகு அளவு உறுப்பானாலும் அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கேட்கப் பழகிவிட்டால், எஞ்சின் மட்டுமா, உங்கள் வீட்டுத் தையல் இயந்திரமும் தெருவோரக் கைப்பம்பும் உங்களோடு பேசத் தொடங்கிவிடும்!