பிச்சாவரத்தில் ஒரு கைப்பேசிப் பாடம்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை முதன்முறை பிச்சாவரத்துக்கு அழைத்துச் சென்றபோது, இரண்டு கைப்பேசிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து வந்தோம். வகுப்பறையில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன: கீழே தண்ணீர், மேலே பச்சை. "சார், சுவாசிக்கும் வேர் எங்கே?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரு படத்தில்கூட இல்லை. தவறு என்னுடையது. நாங்கள் போனது உயர் ஓத நேரம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள இந்தச் சதுப்புநிலத்தில் நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் வெண்கண்டலின் சுவாசிக்கும் வேர்கள் ஏறத்தாழ ஒரு சாண் உயரம்தானே! ஆகவே பயணத்தைத் தாழ் ஓதத்தை வைத்தே திட்டமிட வேண்டும். ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால் போன வாரக் கணக்கு இந்த வாரம் உதவாது. முந்தைய நாளே படகுக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த முறை குழுவுக்கு ஒரு கேள்வி கொடுத்தேன். "காற்றில்லாத சேற்றில் வேர் எப்படி மூச்சு விடும்?" என்று கேட்கப்பட்ட குழு, சேற்றில் பென்சில்களை நட்டதுபோல் நின்ற வேர்களை அளவுகோலோடு சேர்த்து எடுத்தது. சுரபுன்னைக் குழுவுக்கு வெளிச்சம்தான் சிக்கல். பின்னால் வானம் பளிச்சென்று இருந்ததால் முட்டு வேர்கள் கருத்துப்போயின. திரையில் வேரின் மேல் விரலால் தொட்டதும் தெளிந்தன. கனியையும், மரத்திலிருக்கும்போதே அதிலிருந்து முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும் நாற்றையும் ஒரே படத்தில் கொண்டுவரச் சொன்னேன். தனித்தனியே எடுத்தால் விதை மரத்திலேயே முளைக்கிறது என்பது விளங்காது.

வெண்கண்டல் இலையின் அடிப்புறத்தை எடுத்தவர்கள் "முழுவதும் உப்பு" என்றார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வெண்மை நுண்ரோமங்களால் வந்தது. இலை வெளியேற்றிய உப்பு சிறு துகள்களாக அங்கங்கே மின்னியது. நக்கிப் பார்க்க ஆசைப்பட்டவர்களைத் தடுத்தேன். அருகிலேயே தில்லை மரம் நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். எந்த இலையையும் ஒடிக்கக் கூடாது என்பதைப் படகேறும் முன்பே சொல்லிவிட வேண்டும். கைப்பேசிக்குக் கழுத்துக் கயிறும், பிள்ளைகளுக்கு உயிர்காப்பு உடையும் கட்டாயம்.

முதல் பயணத்தின் பயனற்ற படம் ஒன்றும், இரண்டாம் பயணத்தின் படம் ஒன்றும் தற்செயலாக ஒரே வளைவில் எடுக்கப்பட்டிருந்தன. இரண்டையும் சுவரில் அருகருகே ஒட்டினோம். அதே மாணவி கேட்டாள்: "தண்ணீர் மூடியிருக்கும்போது அந்த வேர் என்ன சார் செய்யும்?"

அந்நேரம் வேரின் நுண்துளைகள் நீரை உள்ளே விடுவதில்லை. திசுக்களின் காற்றறைகளில் உள்ள ஆக்ஸிஜன் செலவாகச் செலவாக உள்ளழுத்தம் குறையும். நீர் வடிந்து வேர் நுனி வெளியே தெரிந்ததும் காற்று தானே உள்ளே இழுக்கப்படும். கரும்பலகையில் நான் இதை வரையவில்லை. அந்த இரு படங்களின் மேலேயே அவள் அம்புக்குறி இட்டாள்.