கூரை மறித்த மழையை வேருக்குச் சேர்க்கும் வழி

திருவரங்கத் தீவும் திருச்சி நகரமும் ஒரே மழையைப் பெற்றாலும், அதை அவை ஏற்றுக்கொள்ளும் விதம் ஒன்றன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வண்டலும் மணலுமாகப் படிந்த திருவரங்கத்தில் பெய்யும் ஜலம் விரைவில் உள்ளிறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. ஆற்றுக்குத் தெற்கே விலகிய மேட்டு நிலங்களிலோ, சிறிது ஆழத்திலேயே பாறை எதிர்ப்படுவதால், தொட்டி கட்டிப் பிடித்தாலன்றி அது நமக்கு மிஞ்சுவதில்லை. வீட்டுக் கூரைகளின் மழைநீரைச் சேகரிப்பது 2003-இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பாலிதீன் போர்த்திய பசுமைக்குடிலும் ஒரு கூரைதான் என்பதை அநேகர் நினைப்பதில்லை.

குடில் பூச்சியைத் தடுப்பதைப் போலவே மழையையும் தடுத்துவிடுகிறது. திறந்த நிலத்தில், ஆழ்துளைக் கிணற்று நீரும் உரமும் விட்டுச்செல்லும் உப்பை ஐப்பசி, கார்த்திகை மழை வேர்மட்டத்துக்குக் கீழே கழுவி இறக்கிவிடும். குடிலுக்குள் அந்தச் சுத்தி நடைபெறாமையால், ஜலம் ஆவியாகப் போக, உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கி இலைநுனிகளைக் கருக்குகிறது. மழைநீரில் உப்பு மிகச் சொற்பம். ஆதலால் கூரை மறித்த மழையை அதே மண்ணுக்குச் சேர்ப்பது சிக்கனத்தின் பொருட்டு மட்டும் செய்யும் காரியமன்று, மண்ணின் ஆரோக்கியத்துக்கே அத்தியாவசியமானது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். திருச்சியில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 100 சதுர மீட்டர் குடிலில், ஐந்தில் ஒரு பங்கு வீணானதாகக் கழித்தாலும், அம்மூன்று மாதங்களில் 32,000 லிட்டர் சேரும். மேகம் மூடிய அந்நாட்களில் செடிகளுக்குத் தினம் 200 லிட்டர் வீதம் 18,000 செலவானால், எஞ்சுவது 14,000. ஆகவே 15,000 லிட்டர் தொட்டி போதும். அதைவிடப் பெரிது கட்டினால் செலவுதான் பெருகும். வெயில் ஏறித் தினம் 300 லிட்டர் தேவைப்படும்போது இச்சேமிப்பு மாசிப் பிறப்பு வரைதான் வரும். கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் பங்குனி வரை நீடிக்கும். ஆண்டு முழுவதும் மழைநீரிலேயே பயிர் செய்யலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அமைப்பு எளியதே. பி.வி.சி. குழாயை நெடுகப் பிளந்து குடிலின் தோள்மட்டத்தில் கட்டி, முதல் மழையின் தூசியும் பறவை எச்சமும் தனிக் குழாயில் கழியுமாறு விட்டு, பின்வரும் தெளிந்த நீரைக் கொசுவலை கட்டிய, வெளிச்சம் புகாத தரைத்தொட்டியில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து ஒரு சிறு மோட்டார், மிதவை சுவிட்சின் ஏவலால், இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்த 500 லிட்டர் கறுப்புத் தொட்டியை நிரப்பும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு மீட்டர் உயரம் சதுர சென்டிமீட்டருக்குப் பத்தில் ஒரு கிலோ அழுத்தமே தரும். சாதாரணச் சொட்டுவான்களோ ஒரு கிலோ அழுத்தத்தை எதிர்பார்ப்பவை. குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த சொட்டுநீர்க் குழாயையும், வடிகட்டியையும், சொலினாய்டு வால்வுக்குப் பதிலாக மோட்டாரால் திறக்கும் பந்து வால்வையும் கேட்டு வாங்க வேண்டும். சொலினாய்டு வால்வுகள் பல, அழுத்தம் போதாவிடில் சரிவர இயங்குவதில்லை.

ஏரிப் பாசனத்தில் எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பதென்று அறிந்திருந்த நீர்க்கட்டியின் வேலையை இங்கே டைமர் செய்கிறது; ஆனால் அவருக்கிருந்த விவேகம் அதற்கு இல்லை. அடைமழை நாளிலும் குறித்த நேரத்தில் அது வால்வைத் திறந்துவிடும். வெளித்தோட்டத்தில் மழையுணரி வைத்து இதைத் தடுக்கலாம். குடிலுக்குள் அது பயன்படாது, ஏனெனில் வெளியே எவ்வளவு பெய்தாலும் உள்மண் நனைவதில்லை. வேரருகே புதைத்த ஈரப்பத உணரி ஒன்று, போதிய ஈரம் உள்ளவரை வால்வைத் திறக்கவிடாமல் செய்வதே உசிதம். வாரந்தோறும் வடிகட்டியைக் கழுவுவதும், குழாய்களின் முனையைத் திறந்து வண்டலை வெளியேற்றுவதும் மனிதர் கையால்தான் ஆக வேண்டும்.

தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் வழங்கப்படுகின்றன; தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். புரட்டாசி முடிவதற்குள் தொட்டியும் குழாயும் தயாராகிவிட வேண்டும். பிந்தினால் இந்த ஆண்டின் பாதி மழை கைவிட்டுப் போகும்.