மேற்கோளும் மூலமும்: பொறியியல் ஆய்வுக் கட்டுரையில் சான்று காட்டும் முறை

முன்னோர் கருத்தை எடுத்தாளுங்கால் அதனை அவர்தம் கூற்றென்றே உரைத்தல் புலமை அறமாகும். தொல்காப்பியர் 'என்ப', 'என்மனார்' என்னும் சொற்களால் இவ்வறத்தைப் போற்றினார். பொறியியல் ஆய்வுக் கட்டுரையோ இவ்வளவில் அமையாது. யார், எவ்விதழில், எவ்வாண்டில், எப்பக்கத்தில் கூறினார் என்பனவற்றையும் வேண்டி நிற்கும். பொறியாளர்தம் கணக்கு பாலமாகவும் கட்டடமாகவும் எழுவது. எனவே அதன் அடிப்படையைப் படிப்போர் தாமே சரிபார்த்தற்கு வழி இருத்தல் வேண்டும்.

சான்று காட்டும் முறை

மின், மின்னணுப் பொறியாளர் கழகத்தின் (ஐ.இ.இ.இ.) முறை பொறியியலார் பலரிடம் வழக்கில் உள்ளது. இம்முறையில், எடுத்தாண்ட கருத்தின் அருகே பகர அடைப்பினுள் ஓர் எண் இடப்படும். கட்டுரையில் சான்றுகள் இடம்பெறும் வரிசையிலேயே எண்கள் அமையும், அகரவரிசையில் அன்று. அதே சான்றை மீண்டும் சுட்டுங்கால் முன்னை எண்ணையே இடுதல் வேண்டும். இறுதிப் பட்டியலில் ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், இதழ் எண், பக்கங்கள், திங்கள், ஆண்டு ஆகியன முறையே வரும்.

ஓமின் விதி போன்று யாவரும் அறிந்த உண்மைக்குச் சான்று வேண்டுவதில்லை. பிறர் எடுத்த அளவு, பிறர் வரைந்த படம், பிறர் கண்ட முடிவு ஆகியவற்றிற்குக் கட்டாயம் வேண்டும்.

மூலத்தைக் காணாமையின் விளைவு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த டக்கோமா நேரோஸ் தொங்குபாலம் 1940 நவம்பர் 7 அன்று காற்றில் முறுக்குண்டு வீழ்ந்தது. காற்று தந்த அதிர்வு பாலத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்தமையே காரணம் என இயற்பியற் பாடநூல்கள் பல எழுதின. பில்லா, ஸ்கான்லன் என்னும் இருவர் 1991-இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழின் 59ஆம் தொகுதியில் (பக். 118-124) இதனை மறுத்தனர். பாலத்தின் அசைவே தன்னை மேலும் அசைக்கும் காற்றுவிசையைத் தோற்றுவித்தது என்பது அவர்தம் விளக்கம்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆம்மன், வான் கார்மன், வுட்ரஃப் ஆகியோர் 1941-இல் அளித்த ஆய்வறிக்கையே, காற்றுச் சுழல்களின் ஒத்ததிர்வு இதில் பெரும்பங்கு வகித்திருத்தல் அரிது எனக் கூறியிருந்தது. மூல அறிக்கை இருந்தும், பிழைபட்ட விளக்கமே பல்லாண்டுகள் மாணவர்க்குப் பயிற்றப்பட்டது.

நன்முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு

தகவற் கோட்பாட்டைத் தோற்றுவித்தவர் கிளாட் ஷானன். 1948-இல் வெளிவந்த தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர், நைக்விஸ்ட், ஹார்ட்லி ஆகியோரின் கட்டுரைகள் தமக்கு அடிப்படை என்று சுட்டினார். 'பிட்' என்னும் சொல்லைத் தந்தவர் டியூக்கி என்பதையும் குறித்தார். இதனால் அவர்தம் பெருமை சிறிதும் குன்றவில்லை. அவர் செய்த புதுமை எதுவென்பது தெளிவாயிற்று.

நாம் கொள்ள வேண்டுவன

பிறர் பட்டியலைப் பெயர்த்தெழுதுதல் தகாது. மூலத்தைக் காண இயலாதவிடத்து, எந்நூல்வழி அறிந்தோம் என்பதை வெளிப்படக் கூறுதல் வேண்டும். இந்நாளில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எவரும் எழுதாத கட்டுரைகளுக்கும் தலைப்பும் ஆண்டும் புனைந்து தருவதுண்டு. ஆதலின் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்துப் படித்த பின்னரே எண்ணிடுதல் நம் கடமையாகும். நாம் இடும் எண், 'இதனை யாம் கண்டோம். நீவிரும் காணலாம்' என்று படிப்போர்க்கு நாம் அளிக்கும் உறுதிமொழி ஆகும்.