பயனற்ற அலைகளில் வளர்ந்த நட்பு

இரவு நேரத்தில் சிற்றலை வானொலிப் பெட்டியின் முள்ளை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் சில வேளைகளில் வாத்து கத்துவது போன்ற குரல் கேட்கும். பெட்டியில் ஏதோ கோளாறு என்று எண்ணிப் பலர் முள்ளைத் தள்ளிவிடுவர். கோளாறு எதுவுமில்லை. எங்கோ இருவர் உரையாடிக்கொண்டிருக்கிறார்கள். மின்சக்தியை மிச்சப்படுத்துவதற்காக அவர்கள் ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் நீக்கிவிட்டு, மற்றொரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்புகிறார்கள். நீக்கிய ஊர்தி அலையை மீண்டும் சேர்க்கும் அமைப்பு சாதாரணப் பெட்டியில் இல்லை. அதனால்தான் பேச்சு சிதைந்து கேட்கிறது.

இவர்களே அமெச்சூர் வானொலியினர், சுருக்கமாக 'ஹாம்'கள். ஊதியத்துக்காக அன்றி, விருப்பத்துக்காக மட்டும் வானொலி நிலையம் நடத்துபவர்கள். மாணவர், மருத்துவர், விவசாயி, இல்லத்தரசி என எல்லாத் தரப்பினரும் இவர்களில் உண்டு. ஒவ்வொருவருக்கும் அரசு ஓர் அழைப்புக் குறி வழங்குகிறது. இந்திய ஹாம்களின் குறி பெரும்பாலும் வி.யு. என்ற எழுத்துகளில் தொடங்கும். புதிய ஊருடன் பேசி முடித்தால், அதற்குச் சான்றாக இருவரும் அஞ்சலட்டை அனுப்பிக்கொள்வார்கள். அவ்வட்டைகளைச் சுவர் முழுவதும் ஒட்டி வைப்பது ஹாம்களின் தனி மகிழ்ச்சி.

ஒதுக்கித் தள்ளிய அலைகள்

இந்தப் பொழுதுபோக்கு, அறிவியலுக்கு ஒரு பெரிய கொடை அளித்திருக்கிறது. அலைநீளம் கூடக்கூடத்தான் அலை வெகுதூரம் செல்லும் என்பது தொடக்க கால நம்பிக்கை. எனவே 1912-இல் அமெரிக்க அரசு நெடிய அலைகளைக் கப்பல்களுக்கும் கடற்படைக்கும் ஒதுக்கியது. ஹாம்களுக்குக் கிடைத்தவை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைகள். எதற்கும் உதவாதவை என்று கருதப்பட்டவை அவை.

கிடைத்ததை வைத்துக்கொண்டு ஹாம்கள் இரவிரவாகச் சோதித்தார்கள். 1923 நவம்பரில், சுமார் 100 மீட்டர் அலையில், பிரான்சிலிருந்த ஒரு ஹாமும் அமெரிக்க ஹாம்களும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி இருவழித் தொடர்பு கொண்டனர். அடுத்த ஆண்டு, 1924 அக்டோபர் 18 அன்று, லண்டனில் மில் ஹில் பள்ளியில் படித்துவந்த 18 வயது மாணவர் செசில் கோய்டர், நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை நடத்திய ஃபிராங்க் பெல்லுடன் மோர்ஸ் குறியில் உரையாடினார். இடைப்பட்ட தூரம் 18,000 கிலோமீட்டருக்கு மேல். அதாவது பூமியின் மறுபக்கம்!

வானத்துக் கண்ணாடி

பூமியோ உருண்டை, வானொலி அலையோ நேர்க்கோட்டில் செல்வது. அப்படியானால் அலை எவ்வாறு வளைந்து சென்றது? விடை நம் தலைக்கு மேலே இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் உயர் வளிமண்டல அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. இவ்வாறு உண்டாவதே அயனி மண்டலம். சிற்றலை இதனுள் நுழையும்போது சிறிது சிறிதாக வளைந்து, கண்ணாடியில் பட்ட ஒளி போலப் பூமிக்கே திரும்பிவிடுகிறது.

ஒரு தாவலில் அலை எவ்வளவு தூரம் போகும்? நீங்களே கணக்கிடலாம். பூமியின் ஆரம் 6,400 கி.மீ.; அலையைத் திருப்பும் அடுக்கின் உயரம் ஏறத்தாழ 300 கி.மீ. இவ்விரண்டையும் பெருக்கி, மீண்டும் 2-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். சுமார் 1,960 கி.மீ. வரும். ஏறும் தூரம் அது. இறங்கும் தூரமும் அதுவே. ஆக, ஒரே தாவலில் 4,000 கி.மீ. வரை போகலாம். பிறகு தரையில் பட்டு மீண்டும் மேலே எழும்பும். சில தாவல்களில் உலகத்தையே சுற்றிவிடலாம்.

தொலைதூர நிலையங்கள் இரவில் நன்றாகக் கேட்பதற்கும் காரணம் இதுவே. 60 முதல் 90 கி.மீ. வரையிலான கீழ் அடுக்கில் காற்று அடர்த்தி அதிகம். அங்குள்ள எலெக்ட்ரான்கள் அலையிலிருந்து பெற்ற ஆற்றலை மூலக்கூறுகளோடு மோதி இழந்துவிடுகின்றன. சூரியன் மறைந்ததும் இந்த அடுக்கு மறைகிறது. காற்று மிகவும் அருகியிருக்கும் மேல் அடுக்கோ இரவிலும் நீடிக்கிறது.

கேட்ட பிறகே பேச்சு

ஹாம்கள் என்ன பேசுகிறார்கள்? பெயர், ஊர், வானிலை, தென்னை மரத்தில் கட்டிய ஏரியல், புதிதாகச் செய்த கருவி. வணிகம் பேசுவதும், இரகசியக் குறிகளில் பேசுவதும் கூடாது. அரசியலையும் மதத்தையும் விவாதிப்பதில்லை என்பது அவர்களே வகுத்துக்கொண்ட மரபு.

அரசியல் இல்லாத பேச்சு உப்பில்லாப் பண்டம் அல்லவா என்று சிலர் கேட்கலாம். ஆனால் வானொலிப் பேச்சு மூடிய கடிதமன்று. யாரும் படிக்கக்கூடிய அஞ்சலட்டை. எல்லை தாண்டும் பேச்சைக் கண்டு அரசுகள் அஞ்சுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் 1939-இல் பிரிட்டனில் ஹாம் நிலையங்கள் மூடப்பட்டன. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க ஹாமும் சோவியத் ஹாமும் உரையாட முடிந்ததற்கு இந்த அடக்கமும் ஒரு காரணம். 'மாஸ்கோ, அஞ்சல் பெட்டி எண் 88' என்ற முகவரிக்கு உலகின் பல மூலைகளிலிருந்தும் அட்டைகள் போய்க்கொண்டிருந்தன.

இதைவிட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. ஒரே அலையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். எனவே ஹாம் முதலில் கேட்கிறார். அலை காலியாக இருந்தால் மட்டுமே பேசுகிறார். முடித்ததும் அடுத்தவருக்கு வழி விடுகிறார்.

சோதனை வந்த நாள்

2004 டிசம்பரில், டில்லியைச் சேர்ந்த ஹாம் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. பல ஆண்டுகளாக அந்தமானிலிருந்து எந்த ஹாமும் பேசியதில்லை. ஆதலால் உலக ஹாம்கள் அந்த அழைப்புக் குறிக்காகக் காத்திருந்தனர். டிசம்பர் 26 காலையில் பூமி அதிர்ந்தது. தொடர்ந்து சுனாமி வந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன.

பொழுதுபோக்கு அந்த நிமிடமே பணியாக மாறியது. அந்தமானிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடல். ஆயினும் சிற்றலைக்கு அது ஒரே தாவல்! இடையில் கோபுரமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். மின்கலமும் ஒரு முழக் கணக்கில் கம்பியும் இருந்தால் போதும். யார் உயிருடன் இருக்கிறார், எங்கே இருக்கிறார் என்ற செய்திகளை அக்குழு உறவினர்களுக்கு எட்டச் செய்தது. கார் நிக்கோபாரிலும் நிலையம் அமைக்கப்பட்டது. ஒருவர் பேச மற்றவர் காத்திருக்கும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே ஊறியிருந்தது.

கைபேசி எல்லார் கையிலும் உள்ள காலத்தில் ஹாம் வானொலி எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட வேறு விடை தேவையில்லை. கைபேசி, கோபுரம் நிற்கும் வரைதான் பேசும்.

நம் நாட்டில் 12 வயது நிறைந்தவர்கள் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி உரிமம் பெறலாம். உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். அதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு வாரம், நண்பகலிலும் இரவு ஒன்பது மணிக்கும் வானொலிப் பெட்டியில் மத்திய அலையைத் திருப்பி, கேட்கும் நிலையங்களைக் குறித்து வாருங்கள். அயனி மண்டலம் தினமும் மாறுவது உங்கள் குறிப்பேட்டிலேயே தெரியும். ஹாமுக்குரிய முதல் பாடமும் அதுதான்: பொறுமையாகக் கேட்பது.