ஊர் விளைச்சலில் ஒரு சாப்பாட்டுக் கடை: மளிகைக்காரர் பார்வையில்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. நம்ம ஊரில் விளைவதை வைத்தே ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினால் என்ன என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். இதைக் கேட்டதும் நம் வணிகப் பெருமக்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எல்லாவற்றையும் விவசாயியிடமே வாங்கிக்கொண்டால் நம் கடைக்கு யார் வருவார் என்பது அவர்கள் கவலை. ஓட்டல்களுக்குச் சரக்கு போட்டே தலை நரைத்தவர்கள் நாம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கவலைப்படலாம்.

இந்த மாதிரிக் கடைக்கு வெகு தூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் எல்லையை ஒட்டிய ஆரோவில்லில் சாலிட்யூட் பண்ணை இருக்கிறது. 1993-ல் இங்கிலாந்திலிருந்து வந்த கிருஷ்ணா மெக்கென்சி, 1996-ல் தொடங்கியது. சுமார் ஆறு ஏக்கர். ஜப்பானிய இயற்கை வேளாண் அறிஞர் மசானபு ஃபுகோகாவின் வழியில் பயிர் செய்கிறார்கள். பண்ணையிலேயே உணவகம். அன்றைக்கு என்ன பறித்தார்களோ அதுதான் அன்றைய சாப்பாடு. வாழைத்தண்டு, வாழைப்பூ, பச்சைப் பப்பாளி, வேலியோரக் கீரை என்று நாம் விலை வைக்கவே யோசிக்கும் பொருள்களெல்லாம் அங்கே இலைக்கு வருகின்றன. மெக்கென்சி நன்றாகத் தமிழ் பேசி, நம் கீரைகளின் பெருமையை நமக்கே எடுத்துச் சொல்கிறார். நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அங்கே சாப்பிட வருவோரில் வெளிநாட்டவரும் சுற்றுலாப் பயணிகளும் நிறைய. வில்லியனூரில் கடை போட்டால் திருக்காமீசுவரர் கோயிலுக்கும் லூர்து மாதா கோயிலுக்கும் வருகிறவர், பஸ் நிறுத்தத்தில் இறங்குகிறவர், கொத்து வேலைக்குப் போகிறவர், இவர்கள்தான் வாடிக்கை. இவர்களுக்கு வயிறு நிறைய வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். ஆகவே முதல் கேள்வி அரிசி.

ஒரு நாளைக்கு 100 சாப்பாடு, ஒரு சாப்பாட்டுக்கு 120 கிராம் அரிசி என்றால் தினம் 12 கிலோ. ஆண்டுக்கு 300 நாள் கடை திறந்தால் 3,600 கிலோ. நூறு கிலோ நெல் அரைத்தால் 65 கிலோ அளவில் அரிசி கிடைக்கும். அப்படியானால் 75 கிலோ மூட்டையில் 73, 74 மூட்டை நெல் வேண்டும். பாகூர் ஏரிப் பாசனத்தில் நன்றாக விளைந்தால் மூன்று ஏக்கரில் இது வந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற பழைய ரகங்களுக்கு விளைச்சல் குறைவு. கூடுதல் நிலம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெல் கிடைப்பது கஷ்டமில்லை. கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அறுத்த கையோடு அரைத்த புது அரிசி குழையும், சட்டி காணாது. ஓட்டல்காரர் கேட்பது பழைய அரிசி. எனவே நெல்லை நன்றாகக் காயவைத்து, ஈரம் ஏறாமல், புழு விழாமல், எலி தின்னாமல் பல மாதம் அடுக்கி வைக்க வேண்டும். இடம் வேண்டும், முதலும் அதில் முடங்கிக் கிடக்கும். இலை போட்டு விற்கிறவர் கையில் இவ்வளவு பணம் ஏது? கிடங்கும் பொறுமையும் நம்மிடம்தான் இருக்கின்றன. பாகூர் விவசாயியிடம் நெல்லை எடுத்து, பழக்கி, அரைத்து, மாதா மாதம் கடைக்குப் போட்டால் அதில் நமக்கும் நியாயமான இலாபம் உண்டு. எந்த ஊர் நெல் என்று மூட்டையில் சீட்டு ஒட்டிக் கொடுத்தால் அந்தக் கடைக்காரர் கூடுதல் விலை தரவும் யோசிக்கமாட்டார். ஊர் பெயர்தானே அவர் விற்கும் சரக்கு!

மற்றவற்றைப் பாருங்கள். சம்பா அறுவடைக்குப் பின் வயலில் தெளிக்கும் உளுந்தும் பச்சைப்பயறும் பக்கத்திலேயே கிடைக்கும். கடலைக்குத் திண்டிவனம், உப்புக்கு மரக்காணம், தேங்காய்க்குப் பாகூர்த் தோப்பு. துவரம்பருப்பு? குல்பர்காவிலிருந்தோ பர்மாவிலிருந்தோ வர வேண்டும். சீரகத்துக்குக் குஜராத், கடுகுக்கு ராஜஸ்தான். பெருங்காயத்தின் பால் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வருகிறது. என்னதான் ஊர்ச் சமையல் என்று பலகை மாட்டினாலும் தாளிக்கும்போது நம் கடைக்கு வந்தாக வேண்டும்.

காய்கறியில்தான் இந்தக் கடைக்காரருக்கு ஆதாயம். 2019 டிசம்பரில் வெங்காயமும், 2023 ஜூலையில் தக்காளியும் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தினம் ஒரே சாம்பார், ஒரே சட்னி என்று பழகிய ஓட்டல்கள் திண்டாடின. பலகையில் தினம் எழுதி அழிக்கிற கடை அன்றைக்குப் புளிக்குழம்பும் மாங்காய்ப் பச்சடியும் போட்டுத் தப்பித்துக்கொள்ளும். இலங்கையில் வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியில் நடக்கும் 'அம்மாச்சி' உணவகங்களில் ஊர்ப் பெண்களே வாடிக்கையாளர் கண்முன் சமைத்து விற்கிறார்கள். அதைப் போல வாங்குகிறவருக்கு நம்பிக்கை வந்துவிட்டால், கேரட் பீன்ஸ் எங்கே என்று கேட்கமாட்டார்.

எல்லாம் சரி. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததை மறக்க முடியுமா? புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம். பாகூர்ப் பக்க வயல்கள் நீரில் கிடந்தன. பத்து மைலுக்குள் வாங்குவேன் என்று சபதம் போட்டவருக்கு அந்த வாரம் ஒரு கட்டுக் கீரை கிடைக்காது. கிடங்கில் பருப்பும், அப்பளமும், வற்றலும் வைத்திருப்பவர்தான் அவர் அடுப்பை எரிய வைக்க முடியும். மோர்மிளகாய், சுண்டைவற்றல், வடகம் ஆகியவற்றை வெயில் காலத்தில் ஊர்ப் பெண்களிடம் வாங்கிச் சேர்த்தால் அதுவும் ஊர் விளைச்சல் கணக்கில்தான் சேரும்.

வரி விஷயம்: ஆண்டு விற்றுவரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் உணவகத்துக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. அதற்கு மேல் 5 சதவீதம். கொள்முதலில் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. வணிகக் கேஸ் சிலிண்டருக்கு 18 சதவீதம் வேறு. உணவுப் பாதுகாப்புப் பதிவு எவ்வளவு சிறிய கடைக்கும் தேவை.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய் கொண்டுவரும் விவசாயிக்கு அன்றைக்கே கையில் காசு வேண்டும். கடைக்காரர் அவருக்கு ரொக்கம் கொடுத்துவிட்டு நம்மிடம்தான் நாள் கேட்பார். புதுக் கடைக்கு ஒரு மாதத் தவணை என்று பழக்கிவிடாதீர்கள். வாரம் ஒரு கணக்கு, சனிக்கிழமை முடிக்க வேண்டும் என்று முதல் மூட்டை இறக்கும்போதே பேசிவிடுங்கள். நெல்லைப் பொறுத்தவரை தையில் அறுவடை. வாங்க நினைப்பவர் மார்கழிக்குள் பாகூர்ப் பக்கம் போய் வயலைப் பார்த்து, ரகத்தையும் விலையையும் பேசி வைத்துக்கொள்வது நல்லது.