மரமும் விசையும் – 9: நாணைப் பிடித்து நிற்கும் பூட்டு

கையடக்கமான குறுக்குவில் ஒன்றைக் கையாலேயே செய்ய நினைப்பவர் முதலில் வில்லுக்கேற்ற மரத்தைத்தான் தேடுவார். நாணை இழுத்து நிறுத்தும் பூட்டுக்கான பொருளைத்தான் அவர் முதலில் தேட வேண்டும் என்பது என் வாதம். கணக்கு எளிது. இழுவிசையில் பாதியை இழுக்கும் தூரத்தால் பெருக்கினால், வில் தேக்கிவைக்கும் ஆற்றல் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 30 கிலோ இழுவிசையுள்ள நெடுவில்லை 60 சென்டிமீட்டர் இழுத்தால் சுமார் 90 ஜூல். குறுக்குவில்லைச் சிறிதாக்கினால் வில்லின் கைகள் குறுகும். 15 சென்டிமீட்டருக்கு மேல் இழுக்க இடமிராது. இழுவிசையை இரட்டித்து 60 கிலோவாக்கினாலும் தேறுவது 45 ஜூல்தான். உருவம் சுருங்கச் சுருங்க விசையைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். அந்தப் பாரம் முழுவதையும் தாங்கப்போவது விரற்கடை அகலமுள்ள அந்தப் பூட்டு.

வரலாறும் இதற்கே சாட்சி சொல்கிறது. சீனத்தின் சியான் நகரருகே, கி.மு. 3ஆம் நூற்றாண்டின் சுடுமண் படையோடு கிடைத்த குறுக்குவில்களில் மரப்பகுதிகள் மக்கிப்போயின. பூட்டின் வெண்கல விசைகள் இன்றும் இருக்கின்றன. இடைக்கால ஐரோப்பியர் மான்கொம்பில் ஓர் உருளை கடைந்து அதில் நாணை மாட்டினர். மரம் இழையோடு பிளக்கும். கொம்பு அத்தனை எளிதில் பிளக்காது. தென்கிழக்காசிய மலைமக்களோ தண்டிலேயே பள்ளம் வெட்டி நாணை அதில் உட்காரவைத்து, சிறு விசையொன்றால் மேலே தள்ளி விடுவித்தனர். மூன்று மரபிலும் வில் வில்தான்; வேறுபாடு பூட்டில்.

‘சிலப்பதிகாரத்திலேயே வளைவிற்பொறி இருக்கிறதே, இதை வெளியே ஏன் தேட வேண்டும்?’ என்று கேட்கலாம். அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் காவற்பொறிகளுள் அதுவும் ஒன்றாக வருவது உண்மை. தானே எய்யும் எந்திரவில் என்று அதற்குப் பொருள் சொல்வதும் உண்டு. ஆனால் அந்தப் பெயர் வில்லைக் காட்டுகிறதே தவிர, நாண் எதில் மாட்டப்பட்டது என்பதைக் காட்டவில்லை. மதிலில் நிறுத்திய பொறியையும் ஒருவர் தோளில் சுமந்து செல்லும் கருவியையும் ஒன்றென்று சொல்ல அது போதாது. பெயரைவிடப் பொருள் வலுவான சான்று. தென்னிந்தியக் குறுக்குவில்கள் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் எழுதினார். மலபார்க் கரையில் அவற்றால் மீன் எய்தனர். நிக்கோபார் மக்களிடமும் குறுக்குவில் இருந்தது. ராஜேந்திர சோழனின் கடல்வெற்றிப் பட்டியலில் கடாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மாநக்கவாரம் அந்தத் தீவுகள்தாம். சோழமண்டலக் கரையிலிருந்து பினாங்குக்கு வரும் கடல்வழியில் அவை கிடக்கின்றன. இதைக் கொண்டு யார் யாரிடம் கற்றார் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. கற்றார்களா என்பதைச் சோதிக்கவும், பூட்டைப் பூட்டோடு வைத்துப் பார்ப்பதே நேர்மையான வழி.

‘கண்ணாடியிழை வில்லும் எஃகு விசையும் கடையில் கிடைக்கும் காலத்தில் இந்த ஆராய்ச்சி எதற்கு?’ என்பது அடுத்த கேள்வி. வாங்கிய பொருள் எய்யும்; ஏன் அப்படி அமைந்தது என்று சொல்லாது. பினாங்கில், ஜார்ஜ் டவுனின் ஈரக்காற்றில் அது இன்னும் தெளிவாகும். கொம்பையும் தசைநாரையும் விலங்குப் பசையால் ஒட்டிய ஐரோப்பியக் கூட்டுவில்லுக்கு ஈரமே பகை; எஃகு வில்லைக் கடற்காற்று துருவாக்கும். ஒரே மரத்தாலான எளிய வில்லும் செங்கால் போன்ற கடின மரத்தண்டும் இங்கே நிலைக்கும். அத்தகைய வில்லின் மிதமான இழுவிசைக்குத் தண்டில் வெட்டிய பள்ளமே போதும். உருளைக்குத் தேவையே எழாது. ஆகவே மலைமக்களின் பூட்டை, ஐரோப்பியப் பூட்டின் அரைகுறைப் படி என்று இகழ்வதும் தவறு. ஆயுதம் செய்வது சரியா என்ற தயக்கமும் நியாயமானதே. அதற்கும் விடை பூட்டில் இருக்கிறது: வில்லே பொருத்தாமல், தண்டும் பள்ளமும் விசையும் மட்டும் செதுக்கி, நாணுக்குப் பதில் ஒரு கயிற்றை மாட்டி விட்டுப் பார்த்தாலே பூட்டைப் பற்றி இங்கு சொன்னது விளங்கிவிடும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: நாணும் விசையும் இல்லாத சும்பிட்டான் என்னும் ஊதுகுழல்