தோப்புக்குள் ஒரு செபக்குடில்

தனிமையில் இறைவனோடு சில மணி நேரம் தங்கியிருக்க வேண்டும் என்னும் ஆவல் துறவிகளுக்கு மட்டும் உரியதன்று. அலுவலகத்திலும் அடுப்பங்கரையிலும் பிறர்க்காக ஓடியோடி உழைக்கும் இல்லறத்தாரிடமே அது இன்று மிகுதியாகக் காணப்படுகிறது. ஆகவே பங்குகள் சிலவற்றிலும், தோட்டம் துரவு உள்ள குடும்பங்களிலும், தியான இல்லம் ஒன்று கட்டலாமே என்ற பேச்சு எழுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அப்பேச்சு செயலாகும்போது நிகழ்வது என்ன? முதலில் நான்கு மரங்கள் வெட்டப்படுகின்றன. பின்னர் காங்கிரீட் பெட்டி ஒன்று எழும்புகிறது. பங்குனி வெயிலில் அதனுள் இருக்க முடியாமற் போகவே குளிர்சாதனப் பொறி வருகிறது; மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உறுமுகிறது. இயற்கையின் மடியில் அமர விரும்பியவர், இயற்கையை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருக்கிறார்! நிலத்துக்கும் பங்கின் பணப்பைக்கும் பாரமாகாத சிறு குடில் ஒன்றை அமைக்க இயலாதா என்பதையே ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

பழைய ஏற்பாட்டில், அரசர் நூலின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில், சூனேம் ஊர்ப் பெண்மணி ஒருத்தி தன் கணவனிடம் சொல்லி, இறைவாக்கினர் எலிசேயுவுக்கென மாடியில் சிறு அறை அமைக்கிறாள். அதில் வைக்க அவள் எண்ணிய பொருள்கள் நான்கே: கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு. அதற்குப்பின் இதைவிடச் சிறந்த பட்டியலை எவரும் தந்ததாக நமக்குத் தோன்றவில்லை. வேண்டுமாயின் நாற்காலிக்குப் பதில் ஒரு பாய். மூலையில் ஒரு மண்பானை. வேறெதுவும் வேண்டா. இவ்வளவுக்கு 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள அறை தாராளமாகப் போதும்.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரைத் தோப்பில், 1950ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குருக்களாகிய மொன்ஷானின் அடிகளும் லெ சோ அடிகளும் சாந்திவனத்தை நிறுவினர். பெரிய மடாலயம் எழுப்பாமல் தனித்தனிக் குடிசைகளில் வாழத் தலைப்பட்டனர். 1968இல் அங்கு வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ், 1993இல் இறைவனடி சேரும்வரை சிறு குடிலையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார். உலகின் பல திசைகளினின்றும் மக்கள் அவரைத் தேடி வந்தது கட்டடத்தின் பெருமையைக் கண்டன்று.

அதே காவிரிச் சமவெளியில் ஒரு குடில் கட்டுவதாகக் கொள்வோம். மரத்துக்கேற்ப மனை கோலப்பட வேண்டுமேயன்றி மனைக்கேற்ப மரம் வெட்டப்படலாகாது. நம் பகுதியில் கதிரவன் ஏறக்குறைய தலைக்குமேல் செல்வதால், கொடிய வெப்பம் தாக்குவது கிழக்கு, மேற்குச் சுவர்களையே. எனவே அவ்விரு பக்கங்களும் குறுகியவையாகவும், நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவையாகவும் இருக்கட்டும். மேற்கே ஒரு வேம்போ புங்கமோ நின்றால் பாதி வேலை முடிந்தது. வாசல் கிழக்கே. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்குமாதலால் வாசலுக்குமுன் 4 அடித் திண்ணையும் அதன்மேல் தாழ்ந்த தாழ்வாரமும் அவசியம். உண்மையைச் சொன்னால், செபிக்க வருவோர் பாதி நேரம் திண்ணையில்தான் அமர்வர். அதில் சிக்கனம் கூடாது.

சுவர் எதனாலாவது? லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞரை இங்கு நினைக்கிறோம். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945இல் பணிக்காக இந்தியா வந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் பரப்பினார். அதனால் செங்கல்லில் சுமார் 25 விழுக்காடு மிச்சமாவதோடு, உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. திருவனந்தபுரம் லயோலா பள்ளியின் சிற்றாலயம் அவர் கைவண்ணமே. சுவரின் துளைகள் வழியே ஒளியும் காற்றும் உள்ளே வந்துகொண்டிருக்கும்.

சுடாத மண்கல்லாலும் கட்டலாம். புதுவைக்கு அருகே ஆரோவில்லில் இக்கலை நன்கு வளர்ந்துள்ளது. மேல்மண்ணை நீக்கி, அடிமண்ணில் நூற்றுக்கு 5 பங்கு சிமெண்ட் கலந்து, பொறியில் அழுத்தி, ஈரங்காத்துப் பதப்படுத்தினால் கல் ஆயிற்று. சூளையும் விறகும் தேவையில்லை. மண் எடுத்த பள்ளம் மழைநீர்க் குட்டையாகிவிடும். எனினும் மண்சுவருக்கு அடியும் முடியும் நனையலாகாது. ஆதலின் தரைக்குமேல் 2 அடி கருங்கல் கடைக்கால். கூரை விளிம்பு 3 அடி வெளியே நீண்டிருக்கட்டும். கடைக்காலை ஒட்டிச் செடி வைத்தல் ஆகாது. கறையான் ஏறும் புற்றுக்கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாம்பும் ஒளிய இடமிராது.

கூரையைப் பற்றியே கருத்து வேறுபாடு மிகுதி. கீற்றின் குளிர்ச்சிக்கு இணையில்லை என்போர் சொல்வது மெய்யே. ஆனால் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். கீற்று முடைவோரும் வேய்வோரும் அருகி வருகின்றனர். மெழுகுவத்தி ஏற்றும் இடத்தில் தீப்பயமும் உண்டு. மாற்ற ஆளின்றி ஒழுகும் குடிலில் யாரும் செபிக்கப்போவதில்லை. நமது தேர்வு ஓட்டுக்கூரையே. பழைய வீடுகள் இடிபடும் இடங்களில் மங்களூர் ஓடும் வைரம் பாய்ந்த கைமரமும் மலிவாகக் கிடைக்கின்றன. தகரத்தை நினைக்கவே வேண்டா. கோடையில் அனல், மழையில் தன் குரலே தனக்குக் கேளாது.

சன்னல்களின் உயரத்தைக் கொத்தனார் வழக்கம்போல 3 அடியில் வைக்கப் பார்ப்பார். விடாதீர்கள். தரையில் அமர்ந்திருப்பவருக்கு அப்போது தெரிவது வானத்தின் ஒரு துண்டே. தரையினின்று 1 அடியில் சன்னல் தொடங்கினால் புல்லும், அணிலும், ஆற்றுமணலும் கண்ணுக்கு நேரே நிற்கும். வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே வைத்து, கம்பியும் வலையும் பொருத்துக. முகட்டுக்குக் கீழே சிறு துளைகள் விட்டால் சூடேறிய காற்று தானே வெளியேறும்.

இறுதியாக, திட்டம் தீட்டும் ஆண்கள் மறந்துவிடுகிற ஒன்று. ஆறு பேருக்குச் சமைத்து, ஒரு நாளேனும் தனித்திருக்க ஏங்கும் தாய் ஒருத்தி அங்கே வரவேண்டுமானால், உட்புறம் உறுதியான தாழ்ப்பாளும், அண்மையில் நல்ல கழிப்பிடமும் இருந்தாக வேண்டும். இரட்டைக் குழி முறையே ஏற்றது. ஒரு குழி நிரம்பியதும் மற்றதைப் பயன்படுத்த, முதற்குழியில் உள்ளது மக்கி எருவாகும். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் 50 அடிக்குக் குறையாத தொலைவில் அதை அமைத்தல் வேண்டும். போகும் வழியில் ஒரு விளக்கு. அதற்கும் அறை விளக்குக்கும் சிறிய சூரிய ஒளித் தகடு ஒன்று போதும். அதைக் கூரைமேல் ஏற்றாமல், நிழல் படாத இடத்தில் தனிக் கம்பத்தில் நிறுத்தினால் ஓடு மாற்றுவோர்க்கு இடையூறிராது.